எடிமா: சொல்லும் பொருளும்

எடிமா என்பது உடலின் திசுக்களுக்கிடையே நீர் சேர்வதால் உண்டாகும் வீக்கத்தைக் குறிக்கும் ஆங்கில மருத்துவச் சொல் ஆகும். இதன் வேர் கிரேக்க மொழியில் உள்ளது. அம்மொழியில் 'ஆய்டெய்ன்' என்றால் வீங்குதல். அதிலிருந்து 'ஆய்டேமா' என்னும் பெயர்ச்சொல் பிறந்தது. கிரேக்கக் கதைகளில் வரும் ஈடிபஸ் மன்னனின் பெயரும் இதே வேரைக் கொண்டதே. 'வீங்கிய பாதத்தான்' என்பது அதன் பொருள். குழந்தைப் பருவத்தில் அவன் கணுக்கால்களைத் துளைத்துக் கட்டிப் போட்டார்கள் என்பது கதை. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இச்சொல் 'ஓ' எழுத்தில் தொடங்கும், அமெரிக்கர் அந்த எழுத்தை விட்டுவிட்டனர். அகராதி பார்க்கும் மாணவர்கள் இரண்டு இடத்திலும் தேட வேண்டும்.

தமிழில் 'வீக்கம்' என்ற சொல் அடிபட்ட புடைப்பு முதல் பணவீக்கம் வரை எல்லாவற்றுக்கும் வரும். எடிமாவின் பொருள் அவ்வளவு விரிந்ததன்று. 'நீர்வீக்கம்' என்றால் சரியாக இருக்கும். இதயம், சிறுநீரகம், கல்லீரல் பழுதுபட்டால் இது வரும். வீங்கிய காலைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் பெரும்பாலும் குழி விழுந்து, மெதுவாக நிரம்பும்.

பட்டாசுத் தொழில் நடக்கும் சிவகாசி வட்டாரத்தில் இச்சொல்லை அறிய வேறொரு காரணமும் உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சிறு விபத்துகளோ செய்தியாகாமலே போகின்றன. தீப்பட்ட இடத்தில் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்கும். புரதம் கலந்த நீர் வெளியேறித் திசுக்களில் தேங்கும். முதல் 24 மணி நேரத்தில் வீக்கம் ஏறிக்கொண்டே போகும். உடலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெந்திருந்தால், தீப்படாத பகுதிகளும் வீங்கும். இரத்தக் குழாய்களில் நீர் குறைவதால்தான் மருத்துவமனையில் முதல் நாளே லிட்டர் கணக்கில் சலைன் ஏற்றுகிறார்கள்.

ஆகவே கை வெந்தவுடன் மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றையும், கால் வெந்தால் மெட்டி, கொலுசையும் கழற்றிவிட வேண்டும். சிறிது நேரம் கழித்தால் கழற்ற வராது. விரலுக்கு இரத்தம் போவதையே மோதிரம் தடுத்துவிடும். காயத்தில் ஒட்டிக்கொண்ட துணியை மட்டும் பிய்க்கக் கூடாது. வெந்த இடத்தில் 20 நிமிடம் குளிர்ந்த குழாய்த் தண்ணீர் விடலாம். ஐஸ், பற்பசை, பேனா மை எதுவும் வேண்டாம் (மை தடவும் வழக்கம் இன்னும் போகவில்லை).

முகம் வெந்து, மூக்கோரம் கரி படிந்து, குரல் கம்மினால் தொண்டைக்குள்ளும் வீக்கம் தொடங்கியிருக்கலாம். அப்போது அவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் மூச்சுக்குழல் அடைபடும் முன்பே மருத்துவமனை சேர்க்க வேண்டும்.