பில்லர் பெட்டி அடியில் ஏன் பிதுங்குகிறது?

பில்லர் பெட்டி பிதுங்கினால் சென்ட்ரிங் ஆளைத் திட்டுவோம், பலகை பழசு என்போம். கான்கிரீட் எவ்வளவு வேகத்தில் இறங்கியது என்று யாரும் கேட்பதில்லை.

கலந்த கையோடு கொட்டிய கான்கிரீட்டில் வைப்ரேட்டர் இறங்கியதும் அது தண்ணீர் மாதிரிதான், நாலு பக்கமும் தள்ளும். எடை மட்டும் தண்ணீரைப்போல் 2.4 மடங்கு: கன மீட்டருக்கு 2,400 கிலோ. 3 மீட்டர் பில்லரை ஒரே மூச்சில் நிரப்பினால், அடியில் சதுர மீட்டருக்கு 7,200 கிலோ அழுத்தம். பில்லர் 9 அங்குலமா, இரண்டடியா என்பது இதில் வராது, உயரம்தான் கணக்கு. 9 அங்குலப் பலகையில் மேல் ஓரடியின் மீது விழும் தள்ளல் சுமார் 25 கிலோ. அடி ஓரடியின் மீது கிட்டத்தட்ட அரை டன்! இது தெரிந்தும் மேலிருந்து கீழ்வரை ஒரே இடைவெளியில் கிளாம்ப் போடுவதை என்னவென்று சொல்வது? கீழே நெருக்கமாகவும் மேலே போகப் போக விட்டும் போடவேண்டும்.

மெதுவாக ஊற்றினால் நிலைமை வேறு. மேல்பகுதி வந்து சேர்வதற்குள் அடிப்பகுதி இறுகத் தொடங்கிவிடும். அதனால் அழுத்தம் ஓர் அளவோடு நின்றுவிடும். அந்த அளவைக் கணிக்க அமெரிக்க கான்கிரீட் கழகம் பில்லருக்கு ஒரு சூத்திரம் தருகிறது. மணிக்கு எத்தனை மீட்டர் ஏறுகிறது என்பதை 785-ஆல் பெருக்கி, கான்கிரீட்டின் வெப்பநிலையோடு (செல்சியஸ்) 17.8 கூட்டிய தொகையால் வகுத்து, 7.2 சேர்த்தால், சதுர மீட்டருக்கு இத்தனை கிலோநியூட்டன் என்று விடை வரும். மணிக்கு 2 மீட்டர் வேகம், கான்கிரீட் 32 டிகிரி என்றால் 38.7, அதாவது ஏறக்குறைய 3,900 கிலோ. அதே வேகத்தில் 12 டிகிரிக் கான்கிரீட்டுக்கு 6,100 கிலோ. சென்னை வெயிலில் தாங்கிய பெட்டி ஊட்டிக் குளிரில் விட்டுவிடலாம்.

சிமென்ட் ரகத்தையும் பார்க்கவேண்டும். சூத்திரத்தின் விடை சாதாரண சிமென்ட்டுக்கானது. சாம்பல் கலந்த பிபிசி மெதுவாக இறுகும் என்பதால் 1.2-ஆல் பெருக்கவேண்டும். லாரியில் வரும் ரெடிமிக்ஸில் இறுகலைத் தள்ளிப்போடும் மருந்தும் சேர்ந்திருந்தால் 1.4. சூத்திரம் எவ்வளவு காட்டினாலும் 30 கிலோநியூட்டனுக்குக் குறைத்து எடுக்கக்கூடாது.

பம்ப் வைத்துப் பத்தே நிமிடத்தில் நிரப்பும் இடத்தில் சூத்திரத்தைத் தொடவே வேண்டாம், முழு 7,200 கிலோதான். பெட்டியின் அடியிலிருந்து மேல்நோக்கிப் பம்ப் செய்தால், பம்பின் உந்துதலுக்காக அதன் மேல் குறைந்தது கால் பங்கு கூட்டி, 9,000 கிலோவுக்குப் பெட்டி கட்டவேண்டும்.