‘அல்லது’ என்னும் சொல்லின் பொருளெல்லை

நான் விரிவுரையாளனாகச் சேர்ந்த புதிதில், பொருண்மையியல் தேர்வுத்தாளில் ஒரு வினா அமைத்தேன். “6 என்னும் எண் 2-ஆல் வகுபடும் அல்லது 3-ஆல் வகுபடும். இக்கூற்று மெய்யா, பொய்யா?” ‘மெய்’ என்று எழுதிய மாணவி ஒருவருக்கு மதிப்பெண் தர மறுத்தேன். இரண்டும் பொருந்துமிடத்தில் ‘அல்லது’ வரலாகாது என்பது அன்றைய என் எண்ணம். அவர் அமைதியாகக் கேட்டார்: “ஐயா, இரண்டு பகுதியும் மெய்யாக இருக்கையில் முழுக்கூற்று மட்டும் எவ்வாறு பொய்யாகும்?”

மலேசியாவில் நான்காம் படிவக் கணிதத்தின் தருக்கப் பகுதியில், ‘டான்’, ‘அத்தாவ்’ என்னும் மலாய்ச் சொற்களைக் கொண்டு மாணவர் கூற்றுகளை இணைக்கின்றனர். தமிழில் சிந்திக்கும் மாணவருக்கும் இதே ஐயம் எழக்கூடும். ஆதலின் அம்மாணவியின் வினாவுக்கு விடை காண்போம்.

மெய் அல்லது பொய் என்று துணியத்தக்க வாக்கியமே கூற்று. தனிக்கூற்றுகளை இணைத்தால் கூட்டுக் கூற்று பிறக்கும். ‘உம்’ கொண்டு இணைப்பது இணைப்புக் கூற்று. அதன் இரு பகுதிகளும் மெய்யானால்தான் அது மெய். ‘அல்லது’ கொண்டு இணைப்பது பிரிப்புக் கூற்று. அதன் இரு பகுதிகளும் பொய்யானால்தான் அது பொய். மேற்கண்ட வினாவில் 6-க்குப் பதிலாக வேறு எண்களை வைத்துப் பாருங்கள். 4-க்கு முதற்பகுதி மட்டும் பொருந்தும். 9-க்கு இரண்டாம் பகுதி மட்டும் பொருந்தும். 6-க்கு இரண்டும் பொருந்தும். இம்மூன்றிலும் கூற்று மெய்யே. இரண்டும் பொருந்தாத 7-க்கு மட்டுமே அது பொய்யாகிறது.

அவ்வாறாயின், ‘ஒன்று மட்டும்’ என்னும் எண்ணம் நமக்கு எங்கிருந்து வருகிறது? “உணவுடன் காப்பி அல்லது தேநீர் வழங்கப்படும்” என்றால் ஒன்றையே எதிர்பார்க்கிறோம். “கடப்பிதழ் அல்லது அடையாள அட்டை கொண்டு வருக” என்றாலோ, இரண்டையும் கொண்டு வந்தவரை எவரும் திருப்பி அனுப்புவதில்லை. சொல் ஒன்றே, சூழல் வேறு. ஆகவே அந்த வரையறை சூழல் தருவது, சொல்லின் பொருளன்று.

இத்தயக்கம் மாணவர்க்கே உரியதன்று. ஜார்ஜ் பூல் 1854-இல் வெளியிட்ட நூலில், பொது உறுப்பில்லாத வகுப்புகளை இணைக்கவே கூட்டல் குறியைப் பயன்படுத்தினார். ஜெவன்ஸ் 1864-இல் அக்கட்டுப்பாட்டை நீக்கினார்.

தமிழிலேயே இதற்கொரு சோதனை உண்டு. ‘அல்லது’ போலவே ஓகார இடைச்சொல்லும் பிரிப்பைக் குறிக்கும். “அவளிடம் பேனாவோ பென்சிலோ இல்லை” என்கிறோம். இரண்டும் வைத்திருப்பவளைப் பற்றி இவ்வாறு கூற முடியுமா? முடியாது. ஆனால் ‘ஓ’ என்பதற்கு ‘இரண்டில் ஒன்று மட்டும்’ என்பதே பொருளாயின், இரண்டும் வைத்திருப்பவளுக்கும் அம்மறுப்பு பொருந்த வேண்டும். பொருந்தாமையால் அப்பொருள் அன்று என்பது தெளிவு.

அம்மறுப்பை விரித்தால், “பேனாவும் இல்லை, பென்சிலும் இல்லை” என்றாகிறது. ‘ஓ’ நின்ற இடத்தில் ‘உம்’ வந்து நிற்கிறது. தொல்காப்பியர் இடையியலில் ‘உம்’ என்பதற்குக் கூறும் எட்டுப் பொருள்களுள் ஒன்றான எண்ணுப்பொருளே இது. பிரிப்பை மறுத்தால் மறுப்புகளின் இணைப்பு கிடைக்கும் என்னும் இவ்விதி, தருக்கவியலில் டி மார்கன் பெயரால் வழங்குகிறது. அகஸ்டஸ் டி மார்கன் 1806-இல் மதுரையில் பிறந்து, கைக்குழந்தையாகவே இங்கிலாந்து சென்றவர்.

ஆசிரியர்கள் கருத வேண்டியது ஒன்றுண்டு. “3-ஆம் வினாவுக்கு அல்லது 4-ஆம் வினாவுக்கு விடை எழுதுக” என்னும் கட்டளை, இரண்டுக்கும் எழுதுவதைத் தன்னளவில் தடுப்பதில்லை. தடுக்க வேண்டுமாயின் ‘ஒன்றுக்கு மட்டும்’ என்று வெளிப்படையாக எழுதுவதே முறை. எழுதாமல் விட்டதற்கு மாணவர் மதிப்பெண் இழத்தல் நேர்மையன்று.

அம்மாணவியின் மதிப்பெண்ணை அன்றே திருத்தினேன். அதன்பின் வினாத்தாள் அமைக்கும்போதெல்லாம், ‘அல்லது’ வந்த இடத்தில் ‘மட்டும்’ வேண்டுமா என ஒருமுறை பார்த்துக்கொள்வது என் வழக்கமாயிற்று.