விளையாட்டு நம் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்

 

பிள்ளைகள் செல்போனிலோ கணினியிலோ சேர்ந்து விளையாடுகிறார்கள் என்றாலே, இணையத்தில் முகம் தெரியாதவர்களோடு விளையாடுகிறார்கள் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரே வீட்டில் கூடியிருக்கும் நான்கைந்து பிள்ளைகள் இணையமே இல்லாமல் தங்களுக்குள் விளையாட வழி இருக்கிறது. அதற்கு ‘லேன்’ என்று பெயர். ஒரு வீட்டுக்குள் இருக்கும் கருவிகளை மட்டும் ஒன்றோடொன்று இணைக்கும் உள்வலை அது.

இது புதிய வித்தையும் அல்ல. 1993ல் வெளிவந்த ‘டூம்’ என்ற கணினி விளையாட்டையே நான்கு பேர் வரை இப்படி உள்வலையில் சேர்ந்து ஆட முடிந்தது. பிறகு பிரவுசிங் சென்டர்களில் நம் இளைஞர்கள் வரிசையாக உட்கார்ந்து ‘கவுண்டர் ஸ்ட்ரைக்’ ஆடியதும் இதே முறையில்தான்.

ஏன் இதைச் சொல்கிறோம்?

பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் எத்தனையோ குடும்பங்களைக் கடனில் தள்ளியிருக்கின்றன. மைசிர் எனும் சூதாட்டத்தைக் குர்ஆன் ஐந்தாம் அத்தியாயமான அல்மாயிதாவில் மதுவோடு சேர்த்து விலக்கியிருப்பதை நாம் அறிவோம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் இயற்றியது. அவற்றை நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். பணம் வைக்காத விளையாட்டுகளுக்கு அச்சட்டத்தில் தடை இல்லை.

ஆனால் சட்டம் மட்டும் நம் பிள்ளையைக் காத்துவிடாது. இலவசம் என்று சொல்லப்படும் விளையாட்டுகளிலும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே காசு கொடுத்து வாங்கும் ‘பெட்டிகள்’ உண்டு. அத்தாவின் செல்போனில் யுபிஐ திறந்திருந்தால் பணம் போவதற்கு ஒரு நிமிடம் போதும். விளையாடாதே என்று மட்டும் சொன்னால் பிள்ளை மறைந்து விளையாடும். ‘இங்கே, இவர்களோடு, இத்தனை மணி வரை விளையாடு’ என்று சொல்ல நம்மிடம் ஓர் இடம் இருக்க வேண்டும்.

என்னென்ன தேவை?

வீட்டில் பயன்படாமல் கிடக்கும் பழைய வைஃபை ரௌட்டர் ஒன்றே போதும். இணைய வயரைச் சொருகாமல் மின்சாரம் மட்டும் கொடுங்கள். அதற்கென்று தனிப் பாஸ்வேர்டு வையுங்கள். வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டை வரும் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்ல வேண்டிய அவசியமே இராது. இணையம் இல்லை என்று செல்போன் எச்சரிக்கும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் செல்போன் தானாக அந்தப் பக்கம் தாவிவிடும்.

ரௌட்டர் இல்லையா? ஒரு செல்போனின் ஹாட்ஸ்பாட்டும் போதும். நான்கைந்து பேருக்கு அது தாங்கும்.

முல்லா வீதி, காஜியார் வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவர்கள் தடிமனானவை, வீடுகளும் நீளமானவை. முன்கூடத்தில் வைத்த வைஃபை பின்கட்டுக்கு வராது. ரௌட்டரில் இரண்டு அலைவரிசை இருந்தால், ஒரே அறைக்குள் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. சுவரைத் தாண்ட வேண்டுமானால் 2.4 கிகாஹெர்ட்ஸ் நல்லது. எப்படியும் எல்லாரும் ஒரே கூடத்தில் உட்காருவதே மேல். பெரியவர்கள் கண்ணிலும் படும். வெளிப் பிள்ளைகள் வருவதால் வீட்டுப் பெண்களுக்குச் சங்கடமும் இராது.

கணினிகள் என்றால் கேபிளே சிறந்தது. ஒரு சிறிய ‘ஸ்விட்ச்’ பெட்டியும் ஆளுக்கொரு கேபிளும் வாங்கினால் போதும். ஒரு கேபிள் 100 மீட்டர் வரை வேலை செய்யும். மின்சாரத்தில் கவனம் தேவை. 6 ஆம்பியர் பிளக்கில் ஏறத்தாழ 1,380 வாட் வரைதான் எடுக்கலாம். விளையாட்டுக் கணினி ஒன்றே 400 வாட் வரை இழுக்கக்கூடும். எனவே ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மூன்று கணினிக்கு மேல் சொருகாதீர்கள்.

சேரவில்லை என்றால்?

எல்லாரும் ஒரே வைஃபையில் இருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். வீட்டு ரௌட்டரின் ‘கெஸ்ட்’ வைஃபையில் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் ஒரு கருவிக்கு மற்றது தெரியாது. விபிஎன் ஓடினால் நிறுத்துங்கள். விண்டோஸ் கணினியில் நெட்வொர்க்கை ‘பிரைவேட்’ என்று மாற்றுங்கள். விளையாட்டும் எல்லாரிடமும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். உதாரணமாக ‘மைன்கிராஃப்ட்’டில் கணினியின் ஜாவா பதிப்பும் செல்போனின் பெட்ராக் பதிப்பும் ஒன்று சேரா. ஜாவா பதிப்பில் ஒரு பிள்ளை தன் உலகைத் திறந்து ‘ஓபன் டு லேன்’ கொடுத்தால் மற்றவர்கள் உள்ளே வரலாம். சில விளையாட்டுகள் தொடக்கத்தில் இணையம் கேட்கும். ஆகவே முந்தின நாளே பதிவிறக்கி, ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

பிரான்ஸ் பிள்ளைகள் வரும்போது

நம் ஊரில் பல குடும்பங்களுக்குப் பிரான்ஸில் உறவு உண்டு. பாரிஸ் இங்கிருந்து ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் போனாலும், போய்த் திரும்பக் குறைந்தது 80 மில்லி விநாடி ஆகும். நடைமுறையில் இன்னும் அதிகம். ஒரே கூடத்தில் உட்கார்ந்தால் சில மில்லி விநாடிதான். பெரியப்பா பிள்ளைகளும் மாமி பிள்ளைகளும் ஜூலை, ஆகஸ்டில் வரும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். தமிழ் தடுமாறும் பிள்ளையும் விளையாட்டில் நம் பிள்ளைகளோடு எளிதாகச் சேர்ந்துகொள்ளும்.

நாம் வைக்கும் நிபந்தனைகள்

விளையாட்டின் வயது வரம்பைப் பிளே ஸ்டோரில் பார்த்துவிட்டு அனுமதியுங்கள். இரத்தம் தெறிக்கும் விளையாட்டுகளைவிடப் பந்தயம், கால்பந்து, கட்டுமான விளையாட்டுகள் நல்லவை. அஸருக்குப் பின் தொடங்கி மஃரிப் பாங்கோடு முடித்துவிடலாம். தோற்றவர் காசு கொடுப்பது என்ற பந்தயம் ஐந்து ரூபாய்க்குக்கூட வேண்டாம்.

ஏற்கெனவே இணைய மோசடியில் பணம் போயிருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்யுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை நிறுத்தி வைப்பது கடினமாகிவிடும்.

நம் பிள்ளைகள் நம் கண்முன்னே மகிழ்ந்திருக்க அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.