செரான் கிரகமும் வெண்மணிக் குடிசையும்

"டெலிவிஷனில் வரும் ராக்கெட் கதையும் இயந்திர நாய்க் கதையும் பொழுது போகாதவனுக்கு. நடவுக் கூலிக்கு அல்லாடும் நமக்கு அதில் என்ன இருக்கிறது?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. கேட்கட்டும். அந்தக் கதைகள் எப்படிப் பிறந்தன என்பதையும் கொஞ்சம் கேட்டுக்கொள்ளட்டும்.

1955-ல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயது கறுப்பினச் சிறுவனை வெள்ளையர்கள் சித்திரவதை செய்து கொன்றார்கள். நீதிமன்றம் கொலையாளிகளை விடுதலை செய்தது. ராட் செர்லிங் என்ற எழுத்தாளர் மனம் பொறுக்காமல் அதை வைத்து ஒரு டெலிவிஷன் நாடகம் எழுதினார். பணம் போடும் கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா? தெற்கத்தி வெள்ளையன் முகம் சுளித்தால் சரக்கு விற்காதே! கதை நடக்கும் ஊரை வடகிழக்கே மாற்றச் சொன்னார்கள். செத்தவன் யாரோ ஓர் அந்நியன் என்று எழுதச் சொன்னார்கள். 1956-ல் அது ஒளிபரப்பானபோது அதில் மிசிசிப்பியும் இல்லை, கறுப்பினச் சிறுவனும் இல்லை.

1959-ல் செர்லிங் 'ட்விலைட் ஸோன்' என்ற தொடரைத் தொடங்கினார். மனிதன் வாயால் சொல்ல விடாததை வேற்றுக் கிரகத்தான் வாயால் சொன்னார். விட்டுவிட்டார்கள்! நமக்கும் இது தெரியாத சங்கதி அல்ல. 1954-ல் சென்னை ராஜ்யத்தில் நாடகங்களுக்குக் கடிவாளம் போட ஒரு சட்டம் வந்தது. எம்.ஆர். ராதாவின் மேடைக்காகத்தான் அது வந்தது என்று ஊரே பேசியது.

செர்லிங் போட்ட பாதையில் 'ஸ்டார் டிரெக்' வந்தது. அதில் 10-1-1969 அன்று ஒரு கதை. செரான் கிரகத்தார் இருவர். இருவருக்கும் உடம்பில் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. ஒருவன் துரத்துகிறான், மற்றவன் ஓடுகிறான். இருவருக்கும் என்ன பேதம் என்று விண்கப்பல்காரர்களுக்கு விளங்கவில்லை. துரத்துகிறவனுக்கோ ஆச்சரியம்! தனக்கு வலப்பக்கம் கறுப்பு, அவனுக்கு வலப்பக்கம் வெள்ளை, இதுகூடவா கண்ணுக்குத் தெரியவில்லை என்கிறான். கடைசியில் சொந்தக் கிரகத்துக்கு வந்து பார்த்தால், அங்கே ஓர் உயிர்கூட மிச்சமில்லை. பகையே எல்லோரையும் தின்றுவிட்டது. அப்போதும் இந்த இருவரும் சண்டையை விடவில்லை.

அந்தக் கதை ஒளிபரப்பாவதற்கு 16 நாள் முன்னால், 25-12-1968 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து சாம்பலானார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். தாழ்த்தப்பட்ட விவசாயத் தொழிலாளிகளின் குடும்பங்கள். கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதும், சங்கத்தை விட மறுத்ததும்தான் குற்றம். 1973-ல் உயர் நீதிமன்றம் நிலச்சுவான்தார்களை விடுதலை செய்தது. காரும் நிலமும் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்களா என்பது அந்தத் தீர்ப்பில் கண்ட சந்தேகம். மிசிசிப்பி வெகு தூரத்தில் இல்லை.

செரான் கதை நல்ல கதைதான். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது துரத்தியவனையும் ஓடியவனையும் ஒரே தராசில் நிறுத்துகிறது. இரண்டு பேருக்கும் வெறி என்று முடிக்கிறது. அந்தத் தராசை வெண்மணிக்குக் கொண்டுவர முடியுமா? தீப்பந்தம் பிடித்த கையும் கதவைத் தட்டிக் கதறிய கையும் ஒன்றா? உருவகக் கதையில் இப்படி ஓர் ஆபத்து உண்டு. பெயரையும் ஊரையும் மறைக்கப் போய், சில சமயம் யார் அடித்தான் என்பதும் மறைந்துவிடும்.

நம் மொழியிலும் ஒரு கதை உண்டு. காவிரி இரு பக்கமும் ஓடும் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதா, 1980-களில் ஆனந்த விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா'. பிறகு தூர்தர்ஷனில் தொடராக வந்தது. எழுதியவர் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியவர்களில் ஒருவர் என்பதையும் நினைவில் வையுங்கள். கதையில் ஜீவா என்பவர் நாட்டை ஆள்கிறார். பிள்ளை பெற உத்தரவு வேண்டும். பெயர்கூட இரண்டு எழுத்துக்கு மேல் கூடாது. ஜனங்கள் அவரைத் திரையிலே பார்த்துக் கும்பிடுகிறார்கள். கடைசியில் தெரிகிறது, ஜீவா என்று ஓர் ஆளே இல்லை! வெறும் ஒளியால் ஆன பிம்பம். பின்னால் நின்று ஆண்டது வேறு இரண்டு பேர்.

தஞ்சைப் பண்ணையாள் குடும்பத்தில் பிறந்தவனுக்கு இதை விளக்க வேண்டுமா? மிராசுதார் பட்டணத்தில் இருப்பார். வயலில் கால் வைத்து வருஷங்கள் ஆகியிருக்கும். களத்தில் நிற்பவர் காரியஸ்தர். கள்ள மரக்காலால் அளப்பதும் அவர், சவுக்கை எடுப்பதும் அவர். ஏன் என்றால், "எஜமான் உத்தரவு" என்பார். அந்த எஜமானைக் கண்ணால் பார்க்காமலே செத்த பண்ணையாள் எத்தனை பேர்!

பிம்பம் கலைந்த பிறகு சுஜாதாவின் கதையில் விடுதலை வருகிறதா என்றால், இல்லை. நிலா என்ற எளிய பெண்ணை ராணி ஆக்குகிறார்கள். கிரீடம் அவள் தலையில். உத்தரவு போடுவது அதே இரண்டு பேர். கதை அதோடு முடியவில்லை. 'மீண்டும் ஜீனோ' என்று மறுபடியும் தொடங்க வேண்டியதாயிற்று.