ஊறும் காய் – 9: எண்ணெய் காக்குமா?

மாவடுவின் காம்பைக் கிள்ளுவது, பாலைக் கழுவுவது, நிழலில் உலர்த்துவது எல்லாம் சென்ற வாரமே முடிந்தன. தவறவிட்டவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம். இந்த வாரம் ஜாடி என்று சொல்லியிருந்தேன். அதற்கு முன் ஒரு கணக்கைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. "உப்பைக் குறைச்சிட்டேன், அதுக்குப் பதிலா எண்ணெயைத் தாராளமா ஊத்திட்டேன், கெடாது" என்ற பேச்சு மாவடு காலம் வந்தால் வீட்டுக்கு வீடு கேட்கிறது. கெடும். ஊறுகாயைக் காப்பவை உப்பும் புளிப்பும். அவை இருக்கும் ஜாடியில் எண்ணெய் துணைக்கு நிற்கும். அவை இல்லாத ஜாடியில் எண்ணெயை நம்பக் கூடாது.

மாவடுவையே எடுத்துக்கொள்வோம். 1 கிலோ வடுவுக்கு 150 கிராம் கல் உப்பு என்று வைத்தால், ஒரு சொட்டுத் தண்ணீரும் நாம் விடுவதில்லை. பிஞ்சின் எடையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர்தான். வெளியே இருக்கும் உப்பு அதை இழுத்துக்கொண்டு வருகிறது. இரண்டு மூன்று நாளில் பச்சைத் தோல் மங்கிச் சுருங்குகிறது, ஜாடியின் அடியில் மஞ்சள் கலந்த உப்புநீர் தேங்குகிறது, கரையாத உப்புக்கல் அதன் கீழே படிந்து கிடக்கிறது. தினமும் குலுக்கிவிடச் சொல்வது இதற்குத்தான்: அடியில் கரிப்பும் மேலே வெறும் காயுமாக நின்றால், மேலே இருப்பது முதலில் அழுகும். காய்க்குள்ளும் வெளியிலும் உப்பு சமமாகப் பரவி முடிந்தபோது ஜாடி முழுவதும் ஏறக்குறைய 15 சதவீதக் கரிப்பில் இருக்கும். நஞ்சுக் கிருமிகளில் மிகக் கொடியதான கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் 10 சதவீத உப்பிலேயே அடங்கிவிடும். அமிலத்தை அளக்கும் பி.எச். 4.6க்குக் கீழே போனாலும் அதனால் வளர முடியாது. புளித்த மாங்காயின் பி.எச். 4க்கும் கீழே. ஆக, மாவடுவுக்கு இரட்டைப் பூட்டு. இந்தக் கணக்கில் எண்ணெய்க்கு எங்கும் இடமில்லை என்பதைக் கவனியுங்கள்.

எண்ணெயை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு மாங்காயை விட்டுக் கொஞ்சம் தூரம் போக வேண்டும். 1985இல் கனடாவின் வான்கூவர் நகரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்டவர்களில் 36 பேரைப் பொட்டுலினம் நஞ்சு தாக்கியது. கண் இரட்டையாகத் தெரிந்தது, இமை சரிந்தது, விழுங்க முடியவில்லை. சாப்பிட்டவர்கள் ஊர் திரும்பி வெவ்வேறு நாடுகளில் சிதறிவிட்டதால், பலருக்கு முதலில் வேறு ஏதோ நோய் என்றே மருத்துவர்கள் முடிவு கட்டினார்கள். கடைசியில் பிடிபட்டது, சோயா எண்ணெயில் போட்டு வைத்த நறுக்கிய பூண்டு. குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டிய சீசாவை வெளியில் வைத்திருந்தார்கள். பூண்டு மண்ணிலிருந்து வருவது. இந்தக் கிருமியின் வித்துகள் மண்ணில் வாழ்பவை. காற்று இருந்தால் அவை முளைத்து வளராது. எண்ணெய் அந்தக் காற்றைத்தான் அடைத்துக் கொடுத்தது! பூண்டில் புளிப்பு இல்லை, சீசாவில் உப்பும் இல்லை. 1989இல் நியூயார்க் மாநிலத்தின் கிங்ஸ்டனிலும் எண்ணெய்ப் பூண்டால் 3 பேர் பாதிக்கப்பட்ட பிறகு, அத்தகைய பூண்டில் அமிலம் சேர்த்தே விற்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கட்டாயமாக்கியது. நம் வீட்டில் பூண்டு ஊறுகாய்க்கு எலுமிச்சையைத் தாராளமாகப் பிழிவதும், புளிப்பே இல்லாத மாகாளிக்கிழங்கைப் புளித்த மோரில் ஊறப்போடுவதும் அதே விதியின் வழியில் நடப்பவை. அவற்றை ருசிக்கான சேர்மானம் என்று நினைத்துக் கைவிடுவது எனக்குக் கவலையாகவே இருக்கிறது.

மாங்காயில்தான் புளிப்பு இருக்கிறதே, உப்பைக் குறைத்தால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பூஞ்சணத்துக்கும் ஈஸ்ட்டுக்கும் புளிப்பு ஒரு தடையே அல்ல. உப்புநீருக்கு மேலே தலைநீட்டும் வடுவில் முதலில் படரும் வெள்ளை ஆடை அவற்றின் வேலை. அந்த ஆடை அமிலத்தையே தின்று வளர்கிறது. நாளாக ஆக, நாம் நம்பியிருந்த புளிப்பு குறைகிறது, காயும் கொழகொழத்துப் போகிறது. காய் இப்படித் தலைநீட்டாமல் இருக்க, பிலிப்பைன்ஸில் புரோங் மங்கா என்ற பச்சை மாங்காய் ஊறுகாயிலும் காயை உப்புநீரில் அமுக்கித்தான் வைக்கிறார்கள்.

பாட்டி எடை போட்டாளா, கைக்கு வந்ததைத்தானே போட்டாள் என்பது இன்னொரு வாதம். அவள் கை ஒரே கல் உப்புக்கும் ஒரே ஜாடிக்கும் ஆண்டாண்டாகப் பழகிய கை. அதே படியில் தூள் உப்பை அளந்தால் இடைவெளி குறைந்து எடை கூடிவிடும். உப்பு மாறிவிட்ட வீட்டில் தராசுதான் நம்பகம். இரத்த அழுத்தம் இருப்பவர்களின் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம் உப்புக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதற்கு வழி, தட்டில் இரண்டு வடுவுக்குப் பதில் ஒன்றை வைப்பது. ஜாடியில் உப்பைக் குறைத்தே தீர வேண்டும் என்றால், கொஞ்சமாகப் போட்டு, குளிர்ப்பெட்டியில் வைத்து, சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். அதை வருஷ ஊறுகாயாக எண்ணி மேல்பலகையில் ஏற்றாதீர்கள்.

எண்ணெயின் உண்மையான பயன் அந்த வெள்ளை ஆடை விஷயத்தில்தான். ஆவக்காய் மேல் ஒரு விரற்கடை நல்லெண்ணெய் நின்றால் காற்று மேற்பரப்பைத் தொடாது, பூஞ்சணம் பிடிக்காது. உப்பும் புளிப்பும் சரியாக இருக்கும் ஜாடிக்கு அது நல்ல மூடி. வடுவுக்குத் தடவும் ஒரு கரண்டி விளக்கெண்ணெயின் கதை வேறு. தோலுக்கும் அதற்கும் உள்ள உறவைத் தனியாகப் பார்க்க வேண்டும். அதையும், தள்ளிப்போன ஜாடியையும் அடுத்த வாரம் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன். பீங்கானா, கண்ணாடியா, பிளாஸ்டிக்கா என்று எழுதிக் கேட்டவர்கள் அதற்குள் வடுவைப் போட வேண்டியிருந்தால் பீங்கானிலேயே போடுங்கள். உலோக மூடி மட்டும் வேண்டாம்.

(தொடரும்)