டைல்ஸ் தண்ணீரைத் தடுக்காது

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துப் பழைய வீடுகளில் குளியல் கொல்லைக் கிணற்றடியில் நடந்தது; இல்லையென்றால் ஆற்றுப் படித்துறையில். ஈரத்தை வெயிலும் காற்றும் பார்த்துக்கொண்டன. இப்போது படுக்கையறையை ஒட்டியே பாத்ரூம், அதற்குள் கண்ணாடி அடைத்த ஷவர். சுற்றிலும் டைல்ஸ்தானே, தண்ணீர் எங்கே இறங்கப் போகிறது என்று இருந்துவிடுகிறோம். ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் பின்பக்கச் சுவரில் ஓதம் ஏறி, பெயின்ட் பொரிந்து, உப்புப் பூத்துவிடுகிறது.

டைல்ஸ் அவ்வளவாகத் தண்ணீர் குடிக்காது. இடையில் நிரப்பும் சிமென்ட் கிரவுட் குடிக்கும். எபாக்ஸி கிரவுட் தேவலை என்றாலும், மூலையில் மயிரிழை விரிசல் விட்டால் அதுவும் வீண். தண்ணீரை நிறுத்துவது டைல்ஸுக்கு அடியில் அடிக்கும் வாட்டர்ப்ரூஃப் கோட்டிங்தான்.

சுவரில் பதித்த குழாய்களை முதலில் பிரஷர் வைத்துச் சோதித்துவிட வேண்டும். பூச்சு காய்ந்தபின் கோட்டிங் இரண்டு கை: ஒன்று கிடைவாட்டில், மற்றது நெடுவாட்டில். தரையும் சுவரும் சேரும் மூலையிலும் தரை ட்ராப்பைச் சுற்றியும் ஃபைபர் வலை வைத்து அடிக்கச் சொல்லுங்கள். ஒழுகத் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான். ஷவர் சுவரில் தலைக்கு மேல் வரை, மற்ற சுவர்களில் ஒரு அடி உயரம் போதும். மாடி பாத்ரூமில் ஸ்லாபை இறக்கிப் போட்டிருந்தால் அந்தப் பள்ளத்துக்கு ஒரு கோட்டிங், செங்கல் ஜல்லி நிரப்பி மட்டம் செய்தபின் மேலே இன்னொன்று.

பிறகு ட்ராப்பை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டுங்கள். நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, இரண்டு நாள் விடுங்கள். கோட்டை விட்டு மட்டம் நன்றாக இறங்கினாலோ, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிந்தாலோ கோட்டிங்கில் ஓட்டை இருக்கிறது. வேலை தள்ளிப்போகிறதென்று இதைத்தான் முதலில் கைவிடுகிறார்கள். டைல்ஸ் ஒட்டும்போது ட்ராப்பை நோக்கி நாலடிக்கு ஒரு அங்குலம் வாட்டம் வேண்டும்.

அடுத்தது காற்று. டெல்டாவின் ஆண்டு மழையில் பாதியளவு வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வெளிக்காற்றே ஈரமாக இருப்பதால் வென்டிலேட்டர் மட்டும் போதாது. சாரலுக்குப் பயந்து அதையும் அடைத்துவிட்டால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். எக்சாஸ்ட் ஃபேன் நேரே வெளியே தள்ள வேண்டும்; ஃபால்ஸ் சீலிங்குக்குள் தள்ளினால் ஈரம் வீட்டுக்குள்ளேயேதான் இருக்கும். உள்ளே காற்று வர வழியில்லாமல் ஃபேன் வெறுமனே சுற்றும் என்பதால் கதவுக்கு அடியில் அரை அங்குலம் இடைவெளி வையுங்கள். ஷவர் கண்ணாடியையும் கூரைவரை ஏற்றாதீர்கள். குளித்து முடித்தபின் ஃபேன் இருபது நிமிடம் ஓடட்டும்.

கொத்தனாரிடம் கூலி பேசும்போதே, தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகுதான் டைல்ஸ் என்று சொல்லிவிடுங்கள்.