சரித்திரத்தில் துப்பறியும் பிள்ளைகள்

"சரித்திரம் என்றாலே தூக்கம் வருகிறது" என்பாள் ஆறாம் வகுப்பில் படிக்கும் என் பெண். அரசர்கள், போர்கள், வருடங்கள் என்று மனப்பாடம் செய்ய வேண்டிய பட்டியல்தான் அவளுக்குச் சரித்திரம். அதே பெண் சென்ற கோடை விடுமுறையில் ரோமாபுரியைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வி கேட்டு என்னைத் திணற அடித்துவிட்டாள். காரணம், நூலகத்திலிருந்து எடுத்து வந்த ஒரு துப்பறியும் கதை.

எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக, பழங்காலத்தைக் களமாகக் கொண்ட மர்மக் கதைகள் ஆங்கிலத்தில் நிறையக் கிடைக்கின்றன. நம் பெற்றோர்களில் பலருக்கு இவை அறிமுகமில்லை என்பதால் இரண்டை மட்டும் சொல்கிறேன்.

ஹென்றி வின்டர்ஃபெல்ட் 1953-இல் ஜெர்மன் மொழியில் எழுதியது, ஆங்கிலத்தில் 'டிடெக்டிவ்ஸ் இன் டோகாஸ்' என்ற பெயரில் வந்தது. ரோமில் ஒரு சிறிய பள்ளிக்கூடம். ரூஃபஸ் என்ற பையன் சக மாணவன் கேயஸை முட்டாள் என்று மெழுகுப் பலகையில் எழுதி மாட்டுகிறான். மறுநாள் அதே வாசகம், அதே கையெழுத்தில், மினர்வா கோயில் சுவரில் காணப்படுகிறது! கோயிலைக் களங்கப்படுத்தியது பெருங்குற்றம். ரூஃபஸ் சிறைக்குப் போகிறான். அவனைக் காப்பாற்ற நண்பர்கள் புறப்படுகிறார்கள். முடிவைச் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, கரோலின் லாரன்ஸ் எழுதிய 'ரோமன் மிஸ்டரீஸ்' வரிசை. முதல் கதை 2001-இல் வந்தது. மொத்தம் 17 நாவல்கள். கி.பி. 79-இல், ஆஸ்டியா துறைமுகத்தில் தொடங்குகிறது. கப்பல் தலைவனின் மகள் ஃப்ளேவியா, யூதச் சிறுவன் ஜொனாதன், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைப் பெண் நூபியா, நாக்கு அறுக்கப்பட்ட அனாதைச் சிறுவன் லூபஸ் ஆகிய நால்வரும் துப்பறிகிறார்கள். லூபஸால் பேச முடியாது. சொல்ல வேண்டியதை மெழுகுப் பலகையில் எழுதிக் காட்டுவான்.

இந்தக் கதைகளின் சூட்சுமம் இதுதான்: அக்கால வாழ்க்கை தெரிந்தால்தான் துப்புத் துலங்கும். தொலைபேசி கிடையாது, கைரேகை ஆராய்ச்சி கிடையாது. மெழுகுப் பலகை என்பது மெழுகு பூசிய மரச்சட்டம். எழுதுகோலின் கூர் முனையால் கீறி எழுதலாம். தட்டை முனையால் தேய்த்து அழித்துவிடலாம். அப்படியானால் ஒரு சாட்சியத்தையும் நொடியில் அழித்துவிடலாம் அல்லவா? குற்றவாளியைப் பிடிக்கும் ஆவலில், மக்கள் எதில் எழுதினார்கள், அடிமைகள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதையெல்லாம் பிள்ளைகள் தாமாகவே தெரிந்துகொள்கிறார்கள். எது உண்மை, எது கற்பனை என்று பிரித்துச் சொல்வது மட்டும் நம் வேலை.

"நம்ம ஊரில் எதிலே எழுதினாங்க?" என்று கேட்டாள் என் பெண். ஓலையிலும் கல்லிலும் என்றேன். பிறகு உடையார்குடிக் கல்வெட்டைப் பற்றிச் சொன்னேன். காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயிலில் இருப்பது அது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவர்களுடைய உறவினர்களின் நிலங்களும் பறிக்கப்பட்டன. இது இராசராசனின் 2-ஆம் ஆட்சியாண்டுச் செய்தி. ஏன் கொன்றார்கள் என்பதற்கு அதில் பதில் இல்லை. அந்த இடைவெளியில்தான் கல்கி தம் கற்பனையைச் செலுத்தி, 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வ'னைத் தொடராக எழுதினார்.

என் பெண் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஐந்து பாகங்களை அவள் கையில் கொடுத்தால் மிரண்டுவிடுவாள். ஆகவே தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் நான் கதை சொல்கிறேன். இங்கே பள்ளியிலும் தெருவிலும் வேறு மொழிகள் பேசும் அவள், சந்தேகங்களை மட்டும் தமிழில் கேட்கிறாள். "தப்பு செஞ்சது அவங்க, சொந்தக்காரங்க நிலத்தை ஏன் பிடுங்கணும்?" என்றாள் ஒருநாள். எந்தப் பாடப்புத்தகமும் அவளை இப்படி யோசிக்க வைத்ததில்லை.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அந்தக் கல்வெட்டைப் பார்த்தே ஆகவேண்டும் என்கிறாள். நீங்களும் உங்கள் பிள்ளைகளிடம் ஒரு மர்மத்தைச் சொல்லிப் பாருங்களேன். விடையை மட்டும் உடனே சொல்லிவிடாதீர்கள்!